அக்காவின் மஜ்ஜை தம்பிக்கு: ஸ்டெம் செல்லிலும் ஆண், பெண் உண்டா?

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதாவது ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை இன்னொருவரிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் சிகிச்சை, செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவான உங்களுக்கும் அவருக்கும் எச்.எல்.ஏ. (செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) முழுதாகப் பொருந்திவிட்டது. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. "கொடுப்பவர் பெண், பெறுபவர் ஆண். பொருந்துகிற ஆண் டோனர் யாராவது இருக்கிறார்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நீங்கள் இரண்டு பிள்ளை பெற்றவர் என்பதையும் குறித்துக்கொண்டார். "பெண்ணின் ஸ்டெம் செல் மட்டமானதா? செல்லுக்குக்கூட ஆண், பெண் உண்டா?" என்று கேட்கிறீர்கள்.

மட்டம் இல்லை. மற்ற எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்கு இருக்கும் தயக்கம் உங்கள் செல் பலவீனமானது என்பதால் வந்ததில்லை. கூடவே வரும் காவல் செல்கள், அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள், அளவுக்கு மேல் விழிப்பாக இருக்கலாம் என்பதுதான் அவருடைய கவலை. இரண்டாவது கேள்விக்குப் பதில்: உண்டு. அது எங்கே உதவும், எங்கே உபத்திரவம் தரும் என்பது நீளமான கதை. எனக்கு இதில் பல வருடப் பழக்கம் இருக்கிறது, சொல்கிறேன்.

விந்தணுவையும் சினைமுட்டையையும் விட்டுவிட்டால், நம் உடம்பில் உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. பெண் என்றால் அதில் இரண்டு எக்ஸ், ஆண் என்றால் ஒரு எக்ஸ், ஒரு ஒய். கல்லீரல் செல்லோ தோல் செல்லோ மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லோ, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இதைத் தினமும் கண்ணால் பார்ப்பேன். ஆணுக்குப் பெண்ணின் மஜ்ஜை கொடுத்திருந்தால், சில வாரம் கழித்து அவர் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, எக்ஸுக்கு ஒரு நிறமும் ஒய்க்கு ஒரு நிறமும் ஒளிரும்படி சாயம் ஏற்றுவோம். விளக்கை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், நீல வட்டங்களுக்குள் பொட்டு வைத்தது போல ஒளிப்புள்ளிகள் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒவ்வொன்று இருந்தால் அது நோயாளியின் பழைய செல். இரண்டும் ஒரே நிறம் என்றால் அக்காவோ தங்கையோ கொடுத்த செல். நூற்றுக்கணக்கில் எண்ணுவோம். எண்ண எண்ண எல்லாமே இரட்டை எக்ஸாக வரும்போது, முகம் தெரியாத அந்த நோயாளிக்காக மனசு குளிர்ந்துபோகும். அவர் ஆண்தான். ஆனால் அன்றிலிருந்து அவருடைய ரத்தம் பெண்ணின் ரத்தம். சிகிச்சை வெற்றி என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது?

1955-ல் அமெரிக்காவில் ஐக்வால்ட், சில்ம்சர் என்ற இருவர் சுண்டெலிகளுக்குள் தோல் ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். அந்த எலிகள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்யப்பட்டவை, மரபணு அளவில் கிட்டத்தட்ட அச்சில் வார்த்தவை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஆணுக்குப் பெண்ணின் தோல் எல்லாமே ஒட்டிக்கொண்டது. பெண் எலிக்கு ஆணின் தோலை ஒட்டியபோது மட்டும் பல எலிகளில் உதிர்ந்துவிட்டது. காரணம் ஒய் குரோமோசோம். அதில் உள்ள மரபணுக்கள் சில புரதங்களைச் செய்கின்றன. பெண்ணின் எதிர்ப்புச் சக்தி அவற்றைப் பார்த்து வளர்ந்ததே இல்லை, அதனால் அந்நியன் என்று துரத்துகிறது. இவற்றுக்கு எச்-ஒய் ஆன்டிஜென் என்று பெயர்.

மனிதர்களிடமும் இதுவே நடக்கிறது என்பது 1976-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தெரியவந்தது. அப்லாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை போதுமான ரத்தச் செல்களை உண்டாக்காத நோய்) வந்த ஒரு பெண்ணுக்கு, எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்திய அவருடைய சகோதரனின் மஜ்ஜை கொடுக்கப்பட்டது. உடம்பு ஏற்கவில்லை. எல்ஸ் கூல்மி என்ற ஆய்வாளரும் குழுவினரும் அந்தப் பெண்ணின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்துச் சோதித்தார்கள். பொருந்துகிற எச்.எல்.ஏ. உள்ள ஆண்களின் செல்களை அவை கொன்றன, பெண்களுடையதைத் தொடவில்லை. எச்.எல்.ஏ. நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் ஒய் என்ற ஒன்று குறுக்கே நிற்கலாம் என்பது அன்று உறுதியானது.

உங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடக்கும். நீங்கள் கொடுப்பது ஸ்டெம் செல்லை மட்டும் இல்லை. அந்தப் பையில் டி செல்கள் என்ற உங்கள் காவல் செல்களும் சேர்ந்தே போகின்றன. அவை தம்பி உடம்புக்குள் நுழைந்ததும், தோல், குடல், கல்லீரல் என்று எங்கே பார்த்தாலும் ஒய்யின் புரதம் தென்படும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே அடிக்கிற இந்த நிலைமையைத்தான் ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று உடனே வருவது ஒரு வகை. கண்ணும் வாயும் வறண்டு, தோல் இறுகி, நுரையீரல்வரை போய் வருடக்கணக்கில் இழுப்பது இன்னொரு வகை. பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போகும்போது இந்த இரண்டாவது வகை கூடுதலாக வருகிறது என்பதை உலகம் முழுக்கப் பல மையங்களின் பதிவுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பிள்ளை பெற்றதை ஏன் குறித்துக்கொண்டார்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதன் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. ஆண் பிள்ளை என்றால் ஒய் உள்ள செல்கள். 1996-ல் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 வருடம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில்கூட ஆண் செல் இருப்பதைக் கண்டுபிடித்தது. தாயின் உடம்பு அந்தச் செல்லோடு சமாதானமாகத்தான் வாழ்கிறது. ஆனாலும் எதிர்ப்புச் செல்கள் எச்-ஒய்யை ஒருமுறை பார்த்து மனப்பாடம் செய்திருக்க வாய்ப்புண்டு. பிள்ளை பெற்ற பெண் டோனர் என்றால் டாக்டர்கள் இன்னும் ஒரு படி யோசிப்பது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தம்பியின் புற்றுநோய் செல்லிலும் அதே ஒய் இருக்கிறது. உங்கள் டி செல்கள் அதையும் தேடிப்போய் அடிக்கும். பெண்ணிடம் பெற்ற ஆண்களில் நோய் திரும்பி வருவது குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஒரே குணம்தான், தோலில் பட்டால் நோய், ரத்தப் புற்றுநோயில் பட்டால் மருந்து.

இந்த இடத்தில் ஸ்டெம் செல்லையும் காவல் செல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை சொன்னது முழுக்கக் காவல் செல்லின் வேலை. ஸ்டெம் செல்லுக்கே ஆண், பெண் குணம் இருக்கிறதா என்றால், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. என் மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

2007-ல் பிட்ஸ்பர்க்கில் ஜானி ஹியூர்டின் ஆய்வகத்தில் பிரிட்ஜெட் டீசி என்பவர் தசை ஸ்டெம் செல்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாத எலிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வரும் டுஷென் தசைச்சிதைவு நோய்க்கு மாதிரியாக வைத்துக்கொள்ளும் எலிகள் அவை. ஆரோக்கியமான எலியின் தசையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை இவற்றின் தசையில் ஊசியால் செலுத்தினால், புதிய தசைநார் உருவாகி டிஸ்ட்ரோஃபின் தெரிய ஆரம்பிக்கும். சில தொகுதி செல்கள் பிரமாதமாக வேலை செய்தன, சில தொகுதிகள் சோடை போயின. ஒரே முறையில் பிரித்தவை, ஒரே மாதிரி வளர்த்தவை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? செல் எந்தப் பாலின எலியிலிருந்து வந்தது என்று பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. பெண் எலியின் செல்கள் தெளிவாக முன்னால் நின்றன. ஆண் செல்களை வேறு வேறு முறைகளில் சலித்து, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்துப் பார்த்தும், பெண் செல்லுக்கு ஈடான ஒரு ஆண் தொகுதி கிடைக்கவே இல்லை.

ஹார்மோன்தான் நேரடிக் காரணமா என்று பார்த்தார்கள், அப்படித் தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தி துரத்தியதா என்றால் அதுவும் இல்லை. கடைசியில் வித்தியாசம் செல்லின் சுபாவத்தில் இருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து நெருக்கடிக்கு உள்ளாக்கினால், ஆண் செல்கள் அவசர அவசரமாகத் தசைச் செல்லாக முற்றிவிடுகின்றன. முற்றிய செல் பிரியாது, கையிருப்பு கரைந்துபோகும். பெண் செல்கள் அதே நெருக்கடியில் அவ்வளவு அவசரப்படுவதில்லை. குருத்தாகவே நின்று, பெருகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தசையாகின்றன. விதைநெல்லை அவித்துச் சாப்பிட்டவருக்கும் பொத்தி வைத்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஊசி போட்ட இடம் எப்போதும் காயம்பட்ட, நெருக்கடியான இடம் என்பதால் இந்தச் சுபாவம் பெரிய விஷயமாகிறது.

அதைப் படித்த நாளை என்னால் மறக்க முடியாது. அப்போது நானும் தசைச் செல்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன். பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளின் கால் தசையை எடுத்து, ஒரு ஈற்றில் பிறந்த எல்லாக் குஞ்சுகளின் செல்லையும் ஒரே தட்டில் கலந்துவிடுவோம். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த வயதில் பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் சிரமம், அதனால் பழக்கமாகவே விட்டிருந்தோம். உறைபெட்டியில் இருந்த என் குப்பிகளில் தேதி, எலி வகை, எத்தனையாவது தலைமுறை எல்லாம் எழுதியிருந்தது. பாலினம் மட்டும் ஒன்றில்கூட இல்லை. ஒரு வாரம் நன்றாக வந்து அடுத்த வாரம் சொதப்பிய சோதனைகள் எத்தனை! எல்லாவற்றுக்கும் பாலினம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது காரணம் என்று திரும்பிப் பார்க்கும் வழியையே நாங்கள் அடைத்துவைத்திருந்தோம். என் ஆய்வகம் மட்டும் இல்லை, அன்றைக்கு இதுதான் பொதுவான நடைமுறை. சிகிச்சை ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1993-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விலங்கு ஆய்விலும் பாலினத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் விதி கொண்டுவர 2016 ஆனது.

பெண் செல்தான் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே பிட்ஸ்பர்க் குழு அதே வகைத் தசை ஸ்டெம் செல்லை எலும்பாக மாற்றிப் பார்த்தபோது ஆண் செல்கள் முந்தின. குருத்தெலும்பாக மாற்றியபோதும் ஆண் செல்களே முந்தின. அதே செல், அதே ஆய்வகம், கொடுத்த வேலை மட்டும் வேறு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சட்டென்று முற்றிவிடும் சுபாவம் தசையை நிரப்பும் இடத்தில் நஷ்டம். எலும்பு கட்டும் இடத்தில் அதுவே லாபமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள்.

எலும்பு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 2022-ல் வெளியான ஆய்வில், பெண் எலிகளின் எலும்பு ஸ்டெம் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எதிர்பார்த்து நிற்பவை என்று காட்டினார்கள். சினைப்பையை எடுத்துவிட்டால் எலும்பு முறிவு ஆறுவது கெட்டுவிட்டது. ஆண் எலியின் எலும்பு ஸ்டெம் செல் அப்படி ஈஸ்ட்ரோஜனை நம்பி இல்லை. தசையிலும் இதே போக்கு உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தைக் கடக்கும் பெண்களின் தொடைத் தசையைச் சோதித்தபோது, ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய தசை ஸ்டெம் செல்களும் குறைந்தது 2019-ல் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு நம் அம்மாக்கள் கீழே விழுந்தால் எழுந்திருக்க இவ்வளவு காலம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது.

இனி ரத்தத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியே அதுதானே.

2014-ல் டாலஸில் ஷான் மாரிசனின் குழுவில் டைசுகே நகாடா என்பவர் எலிகளின் ரத்த ஸ்டெம் செல்கள் எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணினார். பெண் எலிகளில் ஆண் எலிகளைவிட அடிக்கடி பிரிந்தன. சினைப்பையை எடுத்தால் வித்தியாசம் மறைந்தது, விதைப்பையை எடுத்தால் ஒன்றும் மாறவில்லை. ஆணுக்கே ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தாலும் செல்கள் கூடுதலாகப் பிரிந்தன. ரத்த ஸ்டெம் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருப்பதும் தெரிந்தது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது ஸ்டெம் செல்லின் எண்ணிக்கை கூடி, மண்ணீரலிலும் சிவப்பணு உற்பத்தி அதிகரிக்கிறது. பிள்ளைக்காக ரத்தம் கூடுதலாக வேண்டும் என்ற செய்தி சினைப்பையிலிருந்து மஜ்ஜைக்கு நேராகப் போகிறது. மாதாமாதம் ரத்தம் இழக்கிற, பத்து மாதம் இன்னொரு உயிருக்கும் சேர்த்து ரத்தம் ஊற்றுகிற உடம்புக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதில் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

கவனியுங்கள், இந்த ஏற்பாடு ஹார்மோனைப் பொறுத்தது. உங்கள் ஸ்டெம் செல் தம்பியின் மஜ்ஜையில் குடியேறிவிட்டால் அதற்குக் கிடைப்பது தம்பி உடம்பின் ஹார்மோன்தான். குரோமோசோம் உங்களுடையது, சூழல் அவருடையது. தசையில் வித்தியாசம் செல்லோடு ஒட்டிப்போனது, ரத்தத்தில் பெரிதும் வீட்டைப் பொறுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "ஆண் செல், பெண் செல்" என்று பேசுவதில் பயனில்லை.

செல்லோடு ஒட்டிப்போகும் குணத்துக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான சான்று பழ ஈயில் கிடைத்தது. லண்டனில் ஐரீன் மிகேல்-அலியாகாவும் புரூனோ உட்ரியும் 2016-ல் செய்தது அது. பெண் ஈயின் குடல் ஆணுடையதைவிடப் பெரியது. வளர்ந்த பெண் ஈயில் குடலின் ஸ்டெம் செல்களை மட்டும் மரபணு வழியாக ஆண் தன்மைக்கு மாற்றினார்கள். உடம்பின் மற்ற எல்லாம் பெண்தான். சில நாட்களில் குடல் ஆண் ஈயின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தான் ஆணா பெண்ணா என்பது அந்த ஸ்டெம் செல்லுக்கே தெரிந்திருக்கிறது! முட்டையிடும் ஈக்கு நிறையச் சாப்பாடு வேண்டும், அதற்குப் பெரிய குடல் வேண்டும், அதனால் பெண் செல் அதிகம் பிரிகிறது. அதற்கு விலையும் உண்டு. புற்றுக்கட்டியைத் தூண்டியபோது பெண் ஈக்களின் குடலில்தான் அது எளிதாக வளர்ந்தது. தாராளமாகப் பிரிகிற செல்லில் தப்பு நடக்கவும் தாராளமான இடம் இருக்கிறது.

செல் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் பயன்படுத்தும் வளர்ப்புத் திரவம் ரோஸ் நிறத்தில் இருக்குமே, அந்த நிறத்தைக் கொடுப்பது ஃபீனால் ரெட் என்ற சாயம். திரவம் புளித்தால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காகப் போடுவது. அந்தச் சாயம் சேர்ந்த திரவம் லேசாக ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிறது என்று 1986-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது போக, கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்திலும் ஹார்மோன்கள் உண்டு. இரண்டையும் ஊற்றிவிட்டு "ஹார்மோன் இல்லாத நிலையில் ஆண் செல்லையும் பெண் செல்லையும் ஒப்பிட்டோம்" என்று எழுதினால் அதில் உண்மை இல்லை. நிறமில்லாத திரவமும் கரியில் வடித்த சீரமும் வாங்கினால் செலவு கொஞ்சம் கூடும்தான். வேறு வழியில்லை.

இரண்டு எக்ஸ் இருப்பதால் வரும் ஒரு சிக்கலையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் எக்ஸ் சுருட்டிப் பூட்டப்பட்டிருக்கும். மேரி லயன் 1961-ல் முன்வைத்த கருத்து இது. பூட்டு முழுசாக விழுவதில்லை, மனிதர்களில் அந்த எக்ஸின் மரபணுக்களில் சுமார் 15 சதவீதம் பூட்டை மீறி வேலை செய்கின்றன. நோய் எதிர்ப்போடு சம்பந்தப்பட்ட மரபணுக்களும் அதில் உண்டு. தோல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கும் முறையை யாமானாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் செய்து காட்டினாரே, அந்த வகைச் செல்களைப் பெண்ணிடமிருந்து எடுத்து நீண்ட நாள் வளர்த்தால் இந்தப் பூட்டு அரித்துப்போய், தூங்கிக்கொண்டிருந்த எக்ஸ் பாதி விழித்துக்கொள்கிறது. போன வருடம் நோயைச் சரியாகக் காட்டிய செல் இந்த வருடம் காட்டாது. இவற்றை வைத்துச் சிகிச்சை செய்யப்போகிறவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இதைச் சோதித்தாக வேண்டும்.

ஆண்களுக்கு வேறொரு பாடு. வயதாக ஆக, ரத்த ஸ்டெம் செல்கள் சில பிரியும்போது ஒய்யைத் தொலைத்துவிடுகின்றன. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பில் 70 வயது ஆண்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் இது தென்பட்டது. ரொம்ப நாள் இதை நரைமுடி மாதிரி வயதின் அடையாளமாகத்தான் பார்த்தார்கள். 2022-ல் கென்னத் வால்ஷின் குழு, ஒய் இல்லாத மஜ்ஜையை எலிக்குச் செலுத்திப் பார்த்தபோது இதயத் தசையில் நார் படிந்து இதயம் பலவீனமானது. வயதான ஆண் டோனரைப் பற்றி யோசிக்கும்போது இதுவும் என் நினைவுக்கு வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பெண் குழந்தையின் ஸ்டெம் செல் வீரியம் அதிகம்", "ஆண் செல்லால் மூட்டு சரியாகும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன தசை, எலும்பு ஆய்வுகள் பெரும்பாலும் எலியில் நடந்தவை. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை ஆய்வுத் திட்டத்துக்குள் மட்டுமே நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உங்கள் தம்பிக்குச் செய்யப்போவது அந்த ஏற்கப்பட்ட சிகிச்சைதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்துவருகிறார்கள், அனுபவமுள்ள சிகிச்சை.

இனி டாக்டரிடம் நீங்கள் பேச வேண்டியது.

உடன்பிறந்தவரோடு எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, முதலில் அதன் மதிப்பை உணருங்கள். முழுதாகப் பொருந்தும் சகோதரன் ஒருவர் கூடவே இருந்தால் டாக்டர் அவரைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. அப்படி யாரும் இல்லை என்றால், வெளியிலிருந்து ஓர் ஆணைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதால் நோய் முற்றும் ஆபத்து எவ்வளவு, உங்களிடம் எடுப்பதால் ஜி.வி.எச்.டி. ஆபத்து எவ்வளவு கூடும் என்று இரண்டையும் தராசில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் தராசு உங்கள் பக்கம் சாயும் என்றே நினைக்கிறேன். ஆனால் தம்பியின் நோய் நிலவரம் தெரிந்தவர் அவர்தான்.

அடுத்து, ஸ்டெம் செல்லை எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். இப்போது பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைத்து, கை நரம்பிலிருந்து இயந்திரம் வழியாகப் பிரித்து எடுக்கிறார்கள். மயக்க மருந்து வேண்டாம், டோனருக்கு வசதி. ஆனால் அதில் டி செல் அதிகம் வரும். உறவில்லாத டோனர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், இப்படி எடுத்ததைப் பெற்ற நோயாளிகளில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. 53 சதவீதம், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாக எடுத்ததைப் பெற்றவர்களில் 41 சதவீதம். இன்னொரு பக்கம், இயந்திரத்தில் எடுத்தது சீக்கிரம் வேர்பிடிக்கும், தம்பியின் நோய்க்கு அது முக்கியமாக இருக்கலாம். மஜ்ஜையாக எடுப்பதற்கு நீங்கள் சம்மதம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், இரண்டில் எது நல்லது என்று அவரும் திறந்த மனதோடு யோசிப்பார்.

மூன்றாவதாக, ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க என்ன மருந்து தரப்போகிறார்கள் என்று கேளுங்கள். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து, தாக்கக் கிளம்பும் டி செல்களை மட்டும் களையெடுக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. ஸ்டெம் செல்லுக்கு அந்த மருந்தை முறித்துக்கொள்ளும் நொதி இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். ஏ.டி.ஜி. என்ற இன்னொரு மருந்தும் உண்டு. பெண் டோனர், ஆண் நோயாளி என்ற நிலையில் இவற்றில் எது சேர்க்கப்படும் என்பதை நேராகவே கேட்கலாம், கேட்டால் கோபித்துக்கொள்ளும் கேள்வி இல்லை.

கர்ப்பங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கலைந்துபோனதையும் சேர்த்து. வீட்டில் யாருக்கும் சொல்லாததாக இருந்தால்கூட டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பழைய ரத்த மாற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் ஹீமோகுளோபினை இப்போதே பார்த்து, குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மஜ்ஜையாக எடுத்தால் கொஞ்சம் ரத்தமும் போகும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இது முன்பே குறைவு.

எல்லாம் நல்லபடியாக நடந்து ஒரு மாதம் ஆனதும் தம்பியின் ரத்தத்தை நான் சொன்ன அந்த இரண்டு நிறச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவுச் சீட்டில் எக்ஸ்எக்ஸ் என்று எழுதி பக்கத்தில் ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். அது உங்கள் செல்களின் கணக்கு.